புழுக்கை கெட்டியாகத்தான் இருக்கிறது, ஆடு ஏன் சாகிறது?

கேள்வி: டாக்டர் ஐயா, நாங்கள் பெரம்பலூர் மாவட்டத்தில் மானாவாரியாகப் பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிறவர்கள். ஐந்தாறு ஆட்டில் ஆரம்பித்தது, இப்போது குட்டிகளோடு சேர்த்து 46 உருப்படி நிற்கிறது. பெரும்பாலும் நாட்டு வெள்ளாடு, கொஞ்சம் தலைச்சேரி. கிடா மட்டும் போயர் கலப்பு. பகலில் ஏரி உள்வாயிலும் வரப்பிலும் மேய்ச்சல், ராத்திரி மண்தரைக் கொட்டகை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் பூச்சி மருந்து ஊற்றுகிறோம். நாலு வருஷமாக ஒரே மருந்துதான், 2.5 சதவீத ஆல்பெண்டசோல். பெரிய ஆட்டுக்கு 5 மில்லி, குட்டிக்கு 2 மில்லி.

ஐப்பசி மழை நின்று கார்த்திகை பிறந்ததிலிருந்து ஐந்து ஆடு போய்விட்டது. கழிச்சல் இல்லை. புழுக்கை கெட்டியாகத்தான் போட்டன. தீனியும் தின்றன. தாடைக்குக் கீழே மட்டும் பை கட்டினமாதிரி வீங்கியது. சாயந்திரம் பெரிதாக இருக்கும், காலையில் வற்றியிருக்கும். மேய்ச்சலுக்கு ஓட்டினால் பின்தங்கும், படுக்கும், ரெண்டு மூணு நாளில் முடிந்துவிடும். கடையில் கேட்டால் தொண்டை அடைப்பான் என்று ஊசி மருந்து கொடுத்தார்கள். கேட்கவில்லை. கழிச்சல் இல்லாததால் பூச்சி இல்லை என்கிறார்கள். மருந்தை இனி மாதாமாதம் ஊற்றலாமா? இதைவிட வீரியமானது, ஊசியாக ஏதாவது இருக்கிறதா?

பதில்: அம்மா, மாதாமாதம் ஊற்ற வேண்டாம். அதற்கான காரணத்தைச் சொல்வதற்கு முன், ஆடுகள் எதனால் செத்தன என்பதைப் பார்த்துவிடலாம். நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் இது ரத்தம் குடிக்கும் உருண்டைப்புழுவின் வேலை. ஹீமாங்கஸ் கண்டார்டஸ் என்று பெயர். நான்காம் இரைப்பையில் இருந்துகொண்டு அதன் சுவரைக் கிழித்து ரத்தம் குடிக்கும். 2, 3 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். பெண் புழுவைப் பார்த்தால் சிவப்பு நூலையும் வெள்ளை நூலையும் சேர்த்து முறுக்கினாற்போலத் தெரியும். சிவப்பு, அது குடித்த ரத்தம். வெள்ளை, அதன் முட்டைப்பை.

‘கழிச்சல் இல்லை, அதனால் பூச்சி இல்லை’ என்ற கணக்கு இந்தப் புழுவிடம் செல்லாது. குடலை அரித்துக் கழியவைக்கும் புழுக்கள் வேறு. இது ரத்தத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். புழுக்கை வழக்கம்போல இருக்கும், சில ஆடுகளில் வழக்கத்தைவிட இறுகிக்கூடப் போகும். ரத்தத்தில் புரதம் குறையும்போது நீர் கசிந்து தாழ்ந்த இடத்தில் தேங்குகிறது. மேயும் ஆட்டுக்கு நாள் முழுக்கத் தலை கீழே இருப்பதால் தாடைக்கு அடியில் தேங்குகிறது. ராத்திரி தலைதூக்கி அசைபோட்டுக் கிடப்பதால் காலையில் வற்றிவிடுகிறது. சாயந்திரம் வீங்கிக் காலையில் வற்றுகிறது என்று நீங்கள் கவனித்து எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிதான் எனக்கு வழி காட்டியது. தொண்டை அடைப்பான் இப்படி வேளை பார்த்து வீங்கி வடியாது. அதில் கடுங்காய்ச்சல் இருக்கும், மூச்சு இரைக்கும், ஆடு தீனியைத் தொடாது.

ஒரு புழு ஒரு நாளைக்குக் குடிப்பது சுமார் 0.05 மில்லி ரத்தம். அற்பமாகத்தான் தெரியும். ஆனால் மழைக்காலத்தில் ஓர் ஆட்டின் வயிற்றில் ஆயிரம் புழு இருப்பது அதிசயமில்லை. ஆயிரம் புழு என்றால் தினம் 50 மில்லி. 25 கிலோ ஆட்டின் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே ஒன்றே முக்கால் லிட்டர் அளவுதான். உடம்பு புது ரத்தம் ஊறவைத்து ஈடுகொடுத்துப் பார்க்கும். புரதமும் இரும்புச்சத்தும் தீர்ந்ததும் ஒரு வாரத்துக்குள் சரிந்துவிடும். நேற்றுவரை தீனி தின்ற ஆடு இன்றைக்கு விழுந்துவிட்டது என்று தோன்றுவது இதனால்தான். விழுந்தது நேற்று இன்றாக இருக்கலாம், வெளுக்கத் தொடங்கி மூன்று நான்கு வாரம் ஆகியிருக்கும்.

மழைக்குப் பிறகு ஏன் இப்படி வருகிறது? ஒரு பெண் புழு நாளைக்கு 5,000 முதல் 10,000 முட்டை போடும். முட்டை புழுக்கையோடு நிலத்தில் விழும். ஈரமும் வெதுவெதுப்பும் சேர்ந்தால் ஒரு வாரத்துக்குள் குஞ்சுப் புழு தயாராகிவிடும். அது புல்லில் ஒட்டியிருக்கும் பனித்துளி வழியாக இரண்டு மூன்று அங்குலம் மேலே ஏறும், ஆடு கடிக்கும்போது உள்ளே போகும். உள்ளே போன மூன்று வாரத்தில் அதுவும் முட்டையிடத் தொடங்கும். பங்குனி, சித்திரை வெயிலில் நிலத்தில் கிடக்கும் குஞ்சுகள் காய்ந்து செத்துவிடுகின்றன. வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் இந்தச் சக்கரம் வேகம் எடுக்கிறது. ஐப்பசியில் தின்ற புல்லுக்குக் கார்த்திகையில் கணக்குத் தீர்க்கிறீர்கள்.

இனி மருந்துக்கு வருவோம். 2.5 சதவீதம் என்று புட்டியில் போட்டிருந்தால் ஒரு மில்லியில் 25 மில்லிகிராம் மருந்து இருக்கிறது என்று பொருள். 5 மில்லி ஊற்றினால் 125 மில்லிகிராம். உங்கள் பெரிய ஆடு 30 கிலோ இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிலோவுக்கு 4 மில்லிகிராம் சொச்சம்தான் போயிருக்கிறது. செம்மறிக்கே கிலோவுக்கு 7.5 மில்லிகிராம் வேண்டும். வெள்ளாட்டின் ஈரல் இந்த மருந்தைச் செம்மறியைவிட வேகமாக உடைத்து வெளியேற்றிவிடும் என்பதால் 10 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது. ஆக 30 கிலோ ஆட்டுக்கு 12 மில்லி ஊற்றியிருக்க வேண்டிய இடத்தில் நாலு வருஷமாக 5 மில்லி போயிருக்கிறது. உங்களைக் குறை சொல்லவில்லை. ‘பெரிசுக்கு அஞ்சு, சின்னதுக்கு ரெண்டு’ என்பது நான் போகாத ஊரிலும் வழங்குகிற அளவு. எடையைக் கேட்காமல் அளவைச் சொல்கிறவர் யாராக இருந்தாலும், அவர் என் போல் பட்டம் வாங்கியவரே ஆனாலும், அந்த அளவை நம்பாதீர்கள்.

அரைகுறை அளவில் மருந்து போனால் பலவீனமான புழு சாகும், தாங்கும் புழு பிழைக்கும். பிழைத்தது முட்டை போடும். நாலு வருஷம் இப்படியே நடந்தால் வயிற்றில் மிஞ்சுவது அந்த மருந்துக்கு அசையாத கூட்டம். இதே ஆல்பெண்டசோல் குடும்பத்தின் மூத்த மருந்தான தையபெண்டசோல் 1961-இல் சந்தைக்கு வந்தது. மூன்றே ஆண்டில், 1964-இல், அதற்கு அசையாத ஹீமாங்கஸ் அமெரிக்காவில் பதிவானது. 1981-இல் வந்த ஐவர்மெக்டினும் பத்தாண்டுகூட முழுதாகத் தாங்கவில்லை. அந்த மருந்தின் கண்டுபிடிப்புக்கு 2015-இல் நோபல் பரிசு கிடைத்தது, புழுவுக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியாது. தமிழ்நாட்டுப் பண்ணைகளிலும் ஆல்பெண்டசோல் குடும்பத்துக்கு எதிர்ப்புள்ள ஹீமாங்கஸ் பதிவாகியிருக்கிறது. நீங்கள் கேட்டபடி மாதாமாதம் ஊற்றினால் பத்து வருஷத்தில் நடக்க வேண்டியது மூன்று வருஷத்தில் நடந்துவிடும்.

உங்கள் பட்டியில் மருந்து வேலை செய்கிறதா இல்லையா என்பதை ஊகிக்க வேண்டாம், பார்த்துவிடலாம். பத்துப் பதினைந்து ஆடுகளைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வோர் ஆட்டிலிருந்தும் புதிதாகப் போட்ட பத்துப் புழுக்கையைத் தனித்தனிப் பையில் கட்டி ஆட்டின் அடையாளத்தை எழுதுங்கள். தரையில் பழசாகக் கிடப்பதைப் பொறுக்கக் கூடாது. வெயில் படாமல் அன்றைக்கே மாவட்டத்தில் உள்ள கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கோ நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ கொண்டுபோங்கள். கிராமுக்கு எத்தனை முட்டை என்று எண்ணித் தரச்சொல்லிக் கேட்க வேண்டும். ‘பூச்சி இருக்கிறது’ என்று மட்டும் எழுதித் தந்தால் அது போதாது. எண்ணிய பிறகு ஆட்டை எடைபோட்டுச் சரியான அளவு மருந்து கொடுங்கள். 14-ஆம் நாள் அதே ஆடுகளின் புழுக்கையை மறுபடி எண்ணுங்கள். முன்பு சராசரி 2,000 இருந்து பின்பு 100-க்குக் கீழே போனால் மருந்து நன்றாக வேலை செய்கிறது. 95 சதவீதத்துக்குக் குறைவாக இறங்கினால் எதிர்ப்பு வந்துவிட்டது என்று பொருள். 900-இல் நின்றால் அந்தக் குடும்ப மருந்துக்கு இனிப் பணம் கொடுக்காதீர்கள். ஆல்பெண்டசோலை விட்டு ஃபென்பெண்டசோலுக்கு மாறினாலும் பலன் இல்லை. புட்டி வேறு, குடும்பம் ஒன்று.

இன்னோர் ஆடு செத்தால், வரக் கூடாது, வந்தால் புதைக்கும் முன் கால்நடை மருத்துவரை வைத்து அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நான்காம் இரைப்பையைத் திறந்து வைத்தால் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

பரிசோதனை முடிவு வரும்வரை சும்மா இருக்கச் சொல்லவில்லை. இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, 46 ஆட்டின் கண்ணையும் பாருங்கள். தென்னாப்பிரிக்காவில் 1990-களில் செம்மறிப் பண்ணைகள் பலவற்றில் எந்த மருந்துக்கும் புழு அசையாத நிலை வந்தது. அப்போது ஃபாஃபா மாலன் என்ற கால்நடை மருத்துவரின் யோசனையிலிருந்து பிறந்தது ஃபமாச்சா என்கிற கண் அட்டை. அவர் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. கீழ் இமையின் உள்பக்கத்து நிறத்தை ஐந்தாகப் பிரித்து அட்டையில் அச்சடித்திருப்பார்கள். 1 என்றால் நல்ல சிவப்பு, 5 என்றால் வெள்ளை. பார்க்கும் முறை இது: நல்ல வெளிச்சத்தில் ஆட்டின் தலையைப் பிடித்துக்கொண்டு, ஒரு கட்டைவிரலால் மேல் இமையை மூடி லேசாக உள்ளே அழுத்துங்கள். அழுத்தியபடியே மற்றக் கட்டைவிரலால் கீழ் இமையை இறக்குங்கள். உள்சதை பிதுங்கித் தெரியும். கண்ணின் வெள்ளை விழியைப் பார்க்கக் கூடாது, அந்த உள்சதையைத்தான் பார்க்க வேண்டும். இரண்டு கண்ணிலும் பாருங்கள், வித்தியாசம் இருந்தால் வெளுத்த கண்ணை நம்புங்கள். தூசி விழுந்து சிவந்த கண் ஏமாற்றும்.

1, 2 இருந்தால் மருந்து வேண்டாம். 4, 5 இருந்தால் அன்றைக்கே கொடுக்க வேண்டும். 3-இல் நிற்பது குட்டியோ சினையோ பால் கொடுப்பதோ மெலிந்ததோ என்றால் கொடுங்கள், திடமான கிடாவும் வரட்டு ஆடும் இரண்டு வாரம் காத்திருக்கலாம். மழைக்காலத்தில் 15 நாளுக்கு ஒருமுறை, புரட்டாசி தொடங்கித் தை முடிய, இந்தச் சோதனை நடக்க வேண்டும். கோடையில் மாதம் ஒருமுறை போதும். அட்டை கையில் கிடைத்தால் நல்லது. கிடைக்கும்வரை, நன்றாக இருக்கிற ஓர் ஆட்டின் கண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தாலே மிக வெளுத்ததைக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் கண் வெளுப்பதெல்லாம் ஹீமாங்கஸ் இல்லை. உண்ணியும் பேனும் ஈரல் புழுவும் வெளுக்கவைக்கும். அதற்காகத்தான் புழுக்கைப் பரிசோதனையையும் விடாமல் சொல்கிறேன்.

மந்தைக்கே ஊற்றிப் பழகியவர்களுக்கு இது மனசுக்கு ஒப்பாது. ‘புழு இருக்கிற ஆட்டை மருந்தில்லாமல் விடுவதா?’ என்று கேட்பீர்கள். ஆமாம், விடத்தான் வேண்டும். ஒரு மந்தையில் இருக்கும் மொத்தப் புழுவில் முக்கால் பங்குக்கு மேல் நாலில் ஒரு பங்கு ஆடுகளின் வயிற்றில்தான் இருக்கும். மிச்ச ஆடுகள் கொஞ்சம் புழுவைச் சுமந்தாலும் சமாளிக்கும். அவற்றின் வயிற்றில் இருப்பது மருந்தைப் பார்க்காத புழு, அதாவது மருந்து கொடுத்தால் சாகக்கூடிய புழு. அவை போடும் முட்டை மேய்ச்சல் நிலத்தில் விழுந்து, எதிர்ப்புள்ள புழுவின் வாரிசுகளோடு கலந்து அவற்றின் பங்கைக் குறைத்துக்கொண்டே இருக்கும். எல்லா ஆட்டுக்கும் ஒரே நாளில் மருந்து கொடுத்தால், அடுத்த மூன்று வாரத்துக்கு நிலத்தில் விழுவது மருந்தைத் தாண்டி வந்த புழுவின் முட்டை மட்டுமே. அதிலும் மோசம், எல்லாவற்றுக்கும் மருந்து ஊற்றிய கையோடு புது மேய்ச்சலுக்கு ஓட்டுவது. சுத்தமான நிலத்தில் எதிர்ப்புப் புழுவை விதைத்த மாதிரி ஆகிவிடும். மருந்தை ஆட்டுக்குக் கொடுங்கள், மந்தைக்குக் கொடுக்காதீர்கள்.

மருந்து வாங்கிய ஆட்டின் அடையாளத்தையும் தேதியையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு மழைக்காலத்தில் மூன்று தடவை பேர் வருகிற ஆடு, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், விற்க வேண்டிய ஆடு. அதன் பெட்டைக்குட்டியை வளர்ப்புக்கு நிறுத்தாதீர்கள். புழுவைத் தாங்கும் குணம் கணிசமாகப் பரம்பரையில் வருகிறது. உங்கள் கிடா போயர் கலப்பு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். கிடாவின் ரத்தம் பட்டி முழுக்கப் பரவும். எடைக்காக அதை வைத்திருக்கிறீர்கள், தெரிகிறது. இரண்டு மழைக்காலம் அதன் கண்ணைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

வீரியமான ஊசி கேட்டிருந்தீர்கள். ஊசி என்றாலே வீரியம் என்ற எண்ணம் நம் ஊரில் மனிதர் வைத்தியத்திலிருந்து ஆட்டு வைத்தியத்துக்கு வந்தது. ஐவர்மெக்டினை ஊசியாகப் போட்டால் உடம்பில் குறைந்த அளவில் பல நாள் தங்கும். அந்தக் குறைந்த அளவுதான் எதிர்ப்புப் புழுவை வளர்க்கிறது. லெவாமிசோல் வேறு குடும்பம், பல இடங்களில் இன்னும் வேலை செய்கிறது. ஆனால் அளவு கொஞ்சம் கூடினாலும் நுரை தள்ளி நடுங்கும். குளோசண்டெல் ரத்தம் குடிக்கும் புழுவுக்கும் ஈரல் புழுவுக்கும் நல்ல மருந்து. கிலோவுக்கு 10 மில்லிகிராம், அளவு மீறி ஊற்றினால் ஆட்டுக்குக் கண் போய்விடக்கூடும், திரும்ப வராது. ‘கூட ரெண்டு மில்லி ஊற்றினால் என்ன’ என்பது ஆல்பெண்டசோலில் மன்னிக்கப்படும், இந்த இரண்டிலும் மன்னிக்கப்படாது. எந்தக் குடும்பத்தைத் தேர்ந்தெடுப்பது, இரண்டு குடும்பத்தைச் சேர்த்துக் கொடுப்பதா என்பதை எண்ணிக்கை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் மருத்துவரோடு பேசித் தீர்மானியுங்கள். ஆல்பெண்டசோலையும் சினையின் முதல் ஒன்றரை மாதத்தில் கொடுக்கவே கூடாது, குட்டி ஊனமாகப் பிறக்கக்கூடும்.

எடைக்கு ஒரு தொங்கு தராசு வாங்குங்கள். செத்த ஐந்தில் ஓர் ஆட்டின் விலையில் ஒரு சிறு பங்குகூட ஆகாது. மருந்து ஊற்றும்போது தலையை அண்ணாந்து பிடிக்காமல், மூக்கு நேராக இருக்கும்படி பிடித்து, வாயோரத்தில் விட்டு நாக்கின் பின்பகுதியில் ஊற்றுங்கள். அண்ணாந்து ஊற்றினால் புரையேறி நுரையீரலுக்குப் போகும். மருந்து கொடுத்த ஆட்டின் பாலும் கறியும் எத்தனை நாள் தவிர்க்க வேண்டும் என்று புட்டியிலேயே போட்டிருக்கும், சந்தைக்கு ஓட்டும் முன் அதைப் பாருங்கள். 5-இல் நிற்கும் ஆட்டை மேய்ச்சலுக்கு ஓட்டாதீர்கள். நாயைக் கண்டு நாலு எட்டு ஓடினாலே விழுந்துவிடும் நிலை அது. நிழலில் கட்டி அகத்தி, கடலைப் புண்ணாக்கு, தண்ணீர் எல்லாம் இருக்கும் இடத்துக்கே கொடுங்கள். புழு செத்தாலும் போன ரத்தம் ஊற மூன்று நான்கு வாரம் ஆகும், அதற்குப் புரதம் வேண்டும். புழுவைத் தாங்கும் சக்தியையும் புரதம்தான் தருகிறது. மழைக்காலத்தில் கையளவு புண்ணாக்கு வைக்கிற வீட்டில் மருந்துச் செலவு குறைவதை நான் பல ஊரில் பார்த்திருக்கிறேன்.

மேய்ச்சல் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, உங்களுக்கு ஆகக்கூடியதை மட்டும் சொல்கிறேன். வெள்ளாடு இயல்பில் புல் மேயும் பிராணி இல்லை. தலையைத் தூக்கித் தழை கடிக்கிற பிராணி. தழையில் குஞ்சுப் புழு ஏறுவதில்லை. தழை கிடைக்காமல் ஏரிக்கரையில் கட்டையாக மேய்ந்த புல்லை மறுபடி மறுபடி கரம்பவிடும்போதுதான் அது மண்ணோடு புழுவையும் தின்கிறது. காங்கேயம் பக்கத்துக் கொரங்காடுகளைப் பார்த்திருப்பீர்கள். கிளுவை வேலி போட்டு, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வைத்து, காட்டைப் பகுதி பகுதியாக மாற்றி மாற்றி மேய்க்கிறார்கள். வேல மரத்தின் தழையிலும் காயிலும் இருக்கும் துவர்ப்புச் சத்து புழுவைக் கொஞ்சம் அடக்கும் என்று ஆராய்ச்சிகளும் சொல்கின்றன. உங்கள் வரப்போரம் அகத்தி, கிளைரிசிடியா, வேலிமசால் வையுங்கள். அறுத்த தழையைத் தரையில் போடாமல் கட்டித் தொங்கவிடுங்கள். பனி காயும்வரை, காலை ஒன்பது மணி வாக்கில்வரை, பட்டியைத் திறக்காதீர்கள். புல் நான்கு அங்குலத்துக்குக் கீழே போன இடத்தை விட்டுவிடுங்கள்.

பசிபிக் கடலில் டோங்கா என்ற தீவு நாட்டில் 1990-களில் ஒரு சோதனை செய்தார்கள். வெள்ளாட்டு மேய்ச்சலைப் பத்துத் துண்டாக வேலியிட்டு, ஒரு துண்டில் மூன்றரை நாள் மட்டும் மேயவிட்டு மாற்றிக்கொண்டே போனார்கள். முதல் துண்டுக்குத் திரும்பி வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். வெக்கையும் ஈரமும் உள்ள நாட்டில் குஞ்சுப் புழு சுறுசுறுப்பாக அலைந்து, சேர்த்துவைத்த சக்தியைத் தீர்த்து, சில வாரத்தில் செத்துவிடுகிறது. அங்கே முட்டை எண்ணிக்கை நன்றாகக் குறைந்தது. குளிர்நாட்டில் இந்த வித்தை பலிக்காது, நமக்குப் பலிக்கும். உங்களால் பத்துத் துண்டு வேலி போட முடியாது. ஆனால் மக்காச்சோளம் அறுத்த காடு, பருத்திக் காடு, வரப்பு, ஏரி என்று உங்களிடம் ஏற்கெனவே நாலைந்து இடம் இருக்கிறது. எங்கு எத்தனை நாள் என்று முறை வைத்துக்கொண்டால் போதும். அறுவடை முடிந்த காட்டில் வெகுநாள் ஆடு படாததால் அங்கே புழு இருக்காது. குட்டிகளையும் ஈன்ற ஆடுகளையும் முதலில் அங்கே விடுங்கள். ஈனுவதற்கு இரண்டு வாரம் முன்னிருந்து ஈன்ற ஆறேழு வாரம்வரை தாயின் எதிர்ப்புச் சக்தி இறங்கும், புழு முட்டை அதிகமாக விழும். பட்டியில் குட்டிகளுக்குப் புழு வருவது பெரும்பாலும் அவற்றின் தாய்களிடமிருந்துதான்.

கேள்வி: எங்கள் அம்மாயி காலத்தில் மயில்துத்தம் கரைத்து ஊற்றுவார்களாம். இப்போது மூலிகை உருண்டையும் சொல்கிறார்கள். மருந்தே இல்லாமல் அதைமட்டும் செய்யலாமா?

பதில்: மயில்துத்தம் பழைய மருந்துதான். நவீன மருந்து வருமுன் உலகம் முழுக்க அதை ஊற்றினார்கள், புழுவையும் கொன்றது. அளவு தவறினால் ஆட்டையும் கொன்றது. தாமிரம் ஈரலில் சேர்ந்துகொண்டே போகும், செம்மறிக்கு இன்னும் ஆபத்து. விட்டுவிடுங்கள். சீரகம், மிளகு, மஞ்சள், பூண்டு, தும்பை, வேப்பிலை, பாகல், வாழைத்தண்டு எல்லாம் சேர்த்து வெல்லத்தில் பிடிக்கும் உருண்டையை நான் எதிர்க்கவில்லை. பசி எடுக்கும், இலேசான புழுச் சுமை உள்ள ஆட்டுக்குக் கெடுதல் இல்லை. கண் 1, 2-இல் இருக்கிற ஆட்டுக்குத் தாராளமாகக் கொடுங்கள். கண் வெளுத்த ஆட்டுக்கு உருண்டை பிடித்துக்கொண்டிருந்தால், வயிற்றில் ஆயிரம் புழு தினம் 50 மில்லி குடித்துக்கொண்டிருக்கும்.

கேள்வி: இரண்டு மாதக் குட்டிகள் சிலவற்றுக்குக் கழிச்சல் இருக்கிறது, சிலதில் ரத்தம்கூட. புழுக்கையில் அரிசி மாதிரி வெள்ளையாகவும் வருகிறது. அதுவும் இதே பூச்சியா?

பதில்: இரண்டும் வேறு வேறு, இரண்டும் ஹீமாங்கஸ் இல்லை. அரிசிபோல வருவது நாடாப்புழுவின் துண்டுகள். புல்லில் இருக்கும் கண்ணுக்கெட்டாத சிற்றுண்ணிகள் வழியாக வருகிறது. பார்க்க அருவருப்பு, அதனால் எல்லாரும் பயப்படுகிறார்கள். உண்மையில் அது செய்யும் கேடு சிறிது. அதிகம் இருந்தால் பிராசிகுவாண்டல் கலந்த மருந்து போதும். கண்ணுக்குத் தெரிகிற புழுவுக்கு மருந்து ஊற்றிவிட்டு, தெரியாத ஹீமாங்கஸை விட்டுவிடுவதுதான் பட்டிகளில் அதிகம் நடக்கிறது.

ரத்தக் கழிச்சலைப் பற்றித்தான் நீங்கள் கவலைப்பட வேண்டும். அது பெரும்பாலும் ரத்தக் கழிச்சல் நோய் என்கிற காக்சிடியா. புழு இல்லை, ஒற்றைச் செல் கிருமி. பூச்சி மருந்து எத்தனை புட்டி ஊற்றினாலும் அசையாது. மூன்று வாரக் குட்டியிலிருந்து ஐந்து மாதம்வரை தாக்கும். பால் மறக்கும் வேளையில், நெரிசலில், ஈரத்தரையில் கூடும். சல்ஃபா வகை மருந்தோ ஆம்ப்ரோலியமோ மருத்துவர் அளவு சொல்லித் தருவார். கழிச்சலோடு மூக்கு ஒழுகல், வாய்ப்புண், காய்ச்சல் இருந்தால் அது ஆட்டுக்கொல்லி நோயாகவும் இருக்கலாம், தாமதிக்காமல் காட்டுங்கள். காக்சிடியாவுக்கு உங்கள் மண்தரைக் கொட்டகைதான் மூலம். மொத்தமாகப் பரண் போட முடியாவிட்டாலும் குட்டிகள் படுக்கும் மூலைக்கு மட்டும் தரையிலிருந்து உயர்த்தி, அரை அங்குல இடைவெளி விட்டுப் பலகை போடுங்கள். தீவனத் தொட்டிக்குள் குட்டி ஏறி நிற்க முடியாதபடி குறுக்குக் கம்பி வையுங்கள். தண்ணீர்த் தொட்டி வழிந்து சுற்றிலும் பச்சைப் புல் முளைத்திருந்தால் அதைச் செதுக்கி எறியுங்கள். பட்டியில் புழு அதிகம் ஏறுகிற இடம் அதுதான்.

கேள்வி: ஏரி உள்வாய் மேய்ச்சலை நிறுத்த முடியாது. அங்கே நத்தை நிறைய. ஆபத்தா? இருக்கிற கிடாவை விற்றுவிட்டு வேறு கிடா சந்தையில் வாங்கலாம் என்றும் இருக்கிறோம்.

பதில்: ஆபத்துதான். ஈரல் தட்டைப்புழு நத்தைக்குள் வளர்ந்து, வெளியே வந்து, நீரோரப் புல்லில் ஒட்டிக்கொள்ளும். ஏரி வற்ற வற்ற, தையிலிருந்து பங்குனிவரை, ஆடு அந்த ஈரக்கோட்டைத் தொடர்ந்து உள்ளே போய் மேயும்போது ஏறுகிறது. இதுவும் கண்ணை வெளுக்கவைக்கும், தாடையையும் வீங்கவைக்கும். அதனால் புழுக்கை கொடுக்கும்போது தட்டைப்புழு முட்டைக்கும் தனியாகப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வழக்கமான முறையில் மிதக்கவைத்து எண்ணினால் அந்தக் கனமான முட்டை தெரியாமல் போகும், படியவைத்துப் பார்க்க வேண்டும். இருந்தால் மாசி வாக்கில் அதற்கான மருந்தைக் கொடுக்கலாம். ஆல்பெண்டசோல் வளர்ந்த தட்டைப்புழுவை மட்டும், அதுவும் கூடுதல் அளவில்தான் தொடும். நிறுத்த முடியாத மேய்ச்சலை நேரம் மாற்றலாம். காலையில் மேட்டுக் காட்டில் வயிறு நிரப்பிவிட்டு, வெயில் ஏறிய பிறகு ஏரிக்கு ஓட்டுங்கள். நீர் விளிம்பிலிருந்து தள்ளி மேயவிடுங்கள். தண்ணீர் வீட்டிலேயே காட்டிவிட்டால் விளிம்புக்குப் போகும் தேவையும் குறையும்.

புதுக் கிடா வாங்கினால் நேரே பட்டிக்குள் விடாதீர்கள். இன்னொருவர் பட்டியில் எந்த மருந்துக்கும் அசையாமல் வளர்ந்த புழு அதன் வயிற்றில் வரலாம். சிமென்ட் தரையிலோ, மற்ற ஆடு போகாத களத்திலோ மூன்று வாரம் தனியாகக் கட்டுங்கள். வந்த அன்றே எடை போட்டு, மருத்துவர் சொல்லும் இரண்டு வேறு குடும்ப மருந்துகளைக் கொடுங்கள். 14-ஆம் நாள் புழுக்கையை எண்ணச் சொல்லுங்கள். முட்டை இல்லை என்று வந்த பிறகே மந்தையோடு சேர்க்கலாம். விற்கிறவரிடம் விலை பேசும்போதே ஆட்டுக்கொல்லித் தடுப்பூசியும் துள்ளுமாரித் தடுப்பூசியும் எப்போது போட்டார் என்று கேளுங்கள், கீழ் இமையையும் இறக்கிப் பார்த்துவிடுங்கள். 3-க்கு மேல் வெளுத்திருந்தால் அந்தக் கிடா வேண்டாம்.